ஜிடிபி வாட்ச்பொயின்ட் தவறான திரெட்டைக் காட்டுகிறதா? எடை 0 ஆவது யாரால் என்று பிடிக்க முடியவில்லை

சம்மாந்துறை நெல்மணி:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். இங்கே ஒரு ரைஸ் மில்லின் லொறித் தராசோடு ஓடும் புரோகிராமை நான்தான் பராமரிக்கிறேன். சி++, உபுண்டு, சாதாரண இன்டெல் பெட்டி. உள்ளே ஐந்து திரெட், அதாவது ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடும் ஐந்து வேலை. திரையைக் கவனிப்பது 1, டேட்டாபேஸில் எழுதுவது 2, சீரியல் போர்ட்டில் தராசை வாசிப்பது 3, பற்றுச்சீட்டு அச்சடிப்பது 4, தளத்தில் லொறி இல்லாதபோது எண்களை வெறுமையாக்கும் டைமர் 5.

பெரும்போக அறுவடை நேரத்தில் லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும்போது எப்போதாவது சீட்டில் எடை 0 என்று விழுகிறது. நெல் கொண்டு வந்தவருக்கு அந்தச் சீட்டை வைத்துத்தான் காசு, அதனால் 'திரும்ப ஏற்றி நிறுங்கள்' என்று சொல்லிச் சமாளிக்கிற விஷயம் இல்லை இது. எந்த இடத்தில் 0 ஆகிறது என்று பிடிக்க ஜிடிபியில் (GDB, புரோகிராமை நிறுத்தி உள்ளே பார்க்கும் டிபக்கர்) வாட்ச்பொயின்ட் போட்டேன், அதாவது அந்த மதிப்பு மாறினால் நிறுத்தச் சொன்னேன். அங்கேதான் குழப்பம்.

சாதாரணமாக 'வாட்ச் வரவு->மொத்த_எடை' என்று போட்டால், டிபக் பில்டில் 'ஹார்ட்வெயர் வாட்ச்பொயின்ட்' என்று ஒப்புக்கொள்கிறது, ஆனால் 'கன்டினியூ' கொடுத்ததும் வாட்ச்பொயின்டை இட முடியவில்லை, ஹார்ட்வெயர் பிரேக்பொயின்ட் அதிகம் கேட்டிருக்கலாம் என்று பிழை தருகிறது. நான் போட்டதோ ஒன்றே ஒன்று. மில்லில் ஓடுகிற பில்ட் வேகத்துக்காக -ஓ2 ஒப்ஷன் கொடுத்துக் கட்டியது. அதில் தராசு வாசிக்கும் ஃபங்ஷனுக்குள் நின்று அதே கமாண்டைப் போட்டால் வெறும் 'வாட்ச்பொயின்ட்' என்று மட்டும் சொல்கிறது, அதன் பிறகு புரோகிராம் ஊர்ந்து ஊர்ந்து போகிறது, திரையில் எடை மாறுவது கண்ணுக்குத் தெரிந்தும் ஜிடிபி நிற்பதில்லை.

கடைசியில் டிபக் பில்டில் 'வாட்ச் -எல் வரவு->மொத்த_எடை' என்று போட்டதும் வேலை செய்தது. ஆனால் அது சொன்னது இது:

திரெட் 3 ஹிட் ஹார்ட்வெயர் வாட்ச்பொயின்ட் 2: -லொக்கேஷன் வரவு->மொத்த_எடை
ஓல்ட் வெலியூ = 9640
நியூ வெலியூ = 0

9640 முந்தைய லொறியின் எடை. திரெட் 3 நிற்கும் இடம் 'வரவு->மொத்த_எடை = வாசிப்பு;' என்ற வரிக்கு அடுத்த வரி. 'பிரின்ட் வாசிப்பு' என்று கேட்டால் 14280 என்கிறது. 14280ஐ எழுதிய வரி எப்படி 0ஐ எழுதும்? ஜிடிபி திரெட்டை மாற்றிக் காட்டுகிறதா, அல்லது வாட்ச்பொயின்ட் பல திரெட்டில் நம்பக் கூடாத சாமானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்த அமைப்பையும் ஒட்டி விடுகிறேன், தேவைப்படலாம்: வரவு என்பது ஒரு பொயின்டர், அது காட்டும் ஸ்ட்ரக்ட் தராசின் பாக்கெட்டுக்கு ஒத்துவர பேக்(1) போட்டது (பைட்டுகளை இடைவெளி விடாமல் அடுக்குவது), அதில் 0இலிருந்து எண்ணி 9ஆவது பைட்டில் மொத்த_எடை, வகை டபுள் (8 பைட் தசம எண்).

கல்லடி வாவிக்கரை:

தம்பி, ஜிடிபி உங்களுக்குப் பொய் சொல்லவில்லை. திரெட் 3 எழுதியது உண்மை, 0 என்ற எண்ணும் உண்மை, ஆனால் அந்த இரண்டும் ஒரே செயலின் இரண்டு பக்கங்கள் இல்லை. அதற்கு வருகிறேன், முதலில் அந்தப் பிழைச் செய்தியை முடித்துவிடுவோம், ஏனென்றால் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்.

எக்ஸ்86இல் ஹார்ட்வெயர் வாட்ச்பொயின்ட் என்பது ப்ரொசெசருக்குள் இருக்கும் டிபக் ரெஜிஸ்டர்கள். 1985இல் வந்த 80386 காலத்திலிருந்து முகவரி போட நான்கே நான்கு இடம்: டிஆர்0 முதல் டிஆர்3 வரை. எது அடித்தது என்று டிஆர்6 சொல்லும், எதை எப்படிக் கவனிக்க வேண்டும் என்று டிஆர்7இல் எழுதுவோம். ஒவ்வொன்றும் 1, 2, 4 அல்லது 8 பைட்டைத்தான் கவனிக்கும், அதுவும் அந்த அளவுக்கு ஒழுங்காக அமைந்த முகவரியில் மட்டும். 8 பைட் என்றால் முகவரி 8ஆல் வகுபட வேண்டும்.

உங்கள் எடை 9ஆவது பைட்டில் தொடங்குகிறது. ஸ்ட்ரக்ட் 8ஆல் வகுபடும் முகவரியில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 9ஆவது பைட்டுக்கு ஒன்று, 10-11க்கு ஒன்று, 12 முதல் 15 வரை ஒன்று, மிச்சம் நிற்கும் 16க்கு ஒன்று. ஒரேயொரு டபுளுக்கு நான்கு ரெஜிஸ்டரும் போய்விட்டது! நீங்கள் -எல் இல்லாமல் போட்டபோது ஜிடிபி 'வரவு' என்ற பொயின்டரையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் பொயின்டர் வேறு இடத்தைக் காட்டினாலும் அந்தக் கோவையின் மதிப்பு மாறும். ஐந்தாவது ரெஜிஸ்டருக்கு எங்கே போவது? -எல் போட்டால் முகவரியை அந்த நேரத்தில் ஒரு தடவை கணக்கிட்டு அதை மட்டும் கவனிக்கும், நான்குக்குள் அடங்கியது.

-ஓ2 பில்டில் நடந்தது வேறு. அந்த ஃபங்ஷனுக்குள் பொயின்டரை கம்பைலர் ஒரு சிபியூ ரெஜிஸ்டரில் வைத்திருக்கும். ரெஜிஸ்டருக்கு முகவரி கிடையாது, ஆகவே ஹார்ட்வெயரால் கவனிக்க முடியாது, ஜிடிபி சத்தமில்லாமல் சொஃப்ட்வெயர் வாட்ச்பொயின்டுக்கு இறங்கிவிடும். 32 பைட்டை விடப் பெரிய ஸ்ட்ரக்ட் முழுவதையும் கவனிக்கச் சொன்னாலும் இதே கதி. சொஃப்ட்வெயர் வாட்ச்பொயின்ட் என்றால் ஒவ்வொரு கட்டளையாக ஓட்டி, ஒவ்வொன்றுக்குப் பிறகும் மதிப்பைப் பார்ப்பது. ஊர்வது அதனால்தான். அதை விட முக்கியம், அது ஒரு திரெட்டைத்தான் கவனிக்கும். ஜிடிபியின் கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது: பல திரெட் புரோகிராமில் சொஃப்ட்வெயர் வாட்ச்பொயின்டின் பயன் குறைவு, நடப்பில் இல்லாத திரெட் மாற்றினால் ஜிடிபி கவனிக்காமல் போகலாம். 'ஹார்ட்வெயர்' என்ற சொல் செய்தியில் வரவில்லை என்றால் பல திரெட் வேலையில் அதை நம்பி ஒரு நிமிடமும் செலவழிக்க வேண்டாம், உடனே அழித்துவிட்டு -எல் போடுங்கள்.

இப்போது உங்கள் 0.

டிபக் ரெஜிஸ்டர் லினக்ஸில் திரெட்டுக்குத் திரெட் தனித்தனி. ஜிடிபி உங்கள் ஐந்து திரெட்டிலும் அதே நான்கு முகவரிகளை எழுதி வைக்கிறது, கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) ஒரு திரெட்டை ப்ரொசெசரின் எந்தக் கோரில் ஏற்றினாலும் அதன் டிபக் ரெஜிஸ்டரைச் சேர்த்தே ஏற்றுகிறது. ஆகவே யார் எழுதினாலும் பிடிபடும். பிடிபட்ட பிறகு நடப்பதைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். திரெட் 3 எழுதுகிறது, எழுதி முடித்த கையோடு ட்ராப் ஆகிறது, அதாவது ப்ரொசெசர் அதை இடைமறித்துக் கெர்னலிடம் கொடுக்கிறது. எக்ஸ்86இல் டேட்டா வாட்ச் எப்போதும் கட்டளை முடிந்த பிறகுதான் அடிக்கும், நீங்கள் அடுத்த வரியைப் பார்த்தது அதனால்தான், அதில் பிழை எதுவும் இல்லை. கெர்னல் அந்த ஒரு திரெட்டை மட்டும் நிறுத்தி ஜிடிபிக்குத் தகவல் சொல்கிறது. மற்ற நான்கும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன! ஜிடிபி விழித்து, அந்தத் தகவலை எடுத்துப் பார்த்து, அதற்குப் பிறகுதான் மெமரியில் மதிப்பை வாசிக்கிறது. ப்ரொசெசரின் கணக்கில் அது மிக நீண்ட இடைவெளி. அதற்குள் இன்னொரு கோரில் ஓடும் திரெட் அந்த 14280ஐ 0 ஆக்கிவிட்டால், ஜிடிபி வாசிப்பது 0. 'திரெட் 3, 9640 இருந்தது, 0 ஆனது' என்று எழுதிவிடும். இடையில் இருந்த 14280ஐ அது கண்ணாலேயே காணவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 0ஐ எழுதிய திரெட்டும் அதே கணத்தில் ட்ராப் ஆகியிருக்கும், அந்த நிகழ்வு ஜிடிபியிடம் வரிசையில் கிடக்கும். நீங்கள் கன்டினியூ கொடுத்ததும் ஜிடிபி அதை எடுத்துப் பார்க்கும்: பழைய மதிப்பு 0, இப்போதும் 0, ஒன்றும் மாறவில்லையே என்று உங்களிடம் சொல்லாமலே தள்ளிவிட்டுத் தொடரும். 'வாட்ச்' கமாண்டின் விதி அது, மதிப்பு மாறினால்தான் நிற்கும். உங்களுக்கு வேண்டிய குற்றவாளி இந்த இடத்தில்தான் தப்பிப் போகிறான்.

ஆகவே அடுத்த தடவை அப்படி நின்றதும் கன்டினியூ கொடுக்காமல் 'திரெட் அப்ளை ஆல் பிடி' போடுங்கள், ஒவ்வொரு திரெட்டும் எந்த ஃபங்ஷன் வழியாக எங்கே வந்து நிற்கிறது என்ற பின்தடத்தைக் காட்டும். 0ஐ எழுதிய திரெட் தன் எழுதும் கட்டளையைத் தாண்டிய அடுத்த கட்டளையில் அப்படியே நின்றுகொண்டிருக்கும், ஏனென்றால் அதையும் ஹார்ட்வெயர்தான் நிறுத்தியது. அந்த வெளியீட்டை இங்கே போடுங்கள். என் சந்தேகம் டைமர் மீதுதான், ஆனால் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

ஒலுவில் கடற்காற்று:

அண்ணா, இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். நான் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு, புராஜெக்டுக்கு பிடிரேஸ் (இன்னொரு புரோகிராமைக் கட்டுப்படுத்த லினக்ஸ் தரும் அழைப்பு) வைத்துச் சிறிய டிபக்கர் ஒன்று எழுதுகிறேன். பிரேக்பொயின்ட் எல்லாம் சரி. வாட்ச்பொயின்டுக்கு டிஆர்0இல் முகவரியும் டிஆர்7இல் பிட்டும் எழுதினேன், மெயின் திரெட் எழுதினால் நிற்கிறது, பிதிரெட்-கிரியேட் செய்த திரெட் எழுதினால் நிற்பதே இல்லை. நீங்கள் மேலே 'ஐந்து திரெட்டிலும் எழுதி வைக்கிறது' என்று சொன்னதுதான் விடையா? புதிதாகப் பிறக்கும் திரெட்டுக்கு எப்போது எழுதுவது, அது ஓடத் தொடங்கிய பிறகு எழுதினால் முதல் சில எழுத்துகள் (மெமரியில் எழுதுவதைச் சொல்கிறேன்) தவறிப் போகாதா?

அக்கரைப்பற்று அலை:

அதுதான் விடை தங்கச்சி, நீங்கள் கேட்ட இரண்டாவது பகுதிதான் சரியான கேள்வியும். பிடிரேஸின் போக்யூசர் அழைப்பு ஒரு திரெட் எண்ணுக்கு மட்டும் எழுதும், புரொசெஸ் முழுவதற்கும் அல்ல. எழுதும் நேரத்தில் அந்தத் திரெட் நின்றிருக்கவும் வேண்டும். புதிய திரெட் எதையும் தவறவிடாமல் இருக்க 'ட்ரேஸ்-குளோன்' ஒப்ஷனை முதலிலேயே போட்டுவிடுங்கள். அது இருந்தால் புதிய திரெட் தானாகவே உங்கள் ட்ரேஸுக்குள் பிறக்கும், தன் முதல் கட்டளையை ஓட்ட முன்பே ஒரு நிறுத்தத்தில் உங்களுக்காகக் காத்திருக்கும். அந்த நிறுத்தம் வெயிட்பிட்டில் (நிறுத்தத்துக்காகக் காத்திருக்கும் அழைப்பு) வந்ததும் அதன் டிபக் ரெஜிஸ்டர்களை எழுதி, பிறகு தொடர விடுங்கள். ஜிடிபியும் இதைத்தான் செய்கிறது. ஒன்றைக் கவனியுங்கள், தாய்த் திரெட்டின் குளோன் செய்தியும் பிள்ளைத் திரெட்டின் நிறுத்தமும் எந்த வரிசையிலும் வரலாம், பிள்ளை முதலில் வந்தால் 'இது யார் என்று தெரியாதே' என்று உங்கள் கோட் விழக்கூடாது.

டிஆர்7ஐக் கடைசியில் எழுதுங்கள், முகவரி போட முன்பு அதை இயக்கினால் கெர்னல் மறுக்கலாம், அல்லது தேவையில்லாத இடத்தைக் கவனிக்கத் தொடங்கும். நீள பிட்டில் நிறையப் பேர் மாட்டுவார்கள்: 1 பைட்டுக்கு 00, 2க்கு 01, 4க்கு 11, 8க்கு 10. ஆம், 8க்குத்தான் 10, வரிசையாக இல்லை. டிஆர்0 வழியாக 8 பைட்டை எழுத்துக்கு மட்டும் கவனிக்க டிஆர்7இல் போகும் எண் பதினாறடிமானத்தில் 90001, 4 பைட் என்றால் டி0001. நின்ற பிறகு டிஆர்6இன் கீழ் நான்கு பிட்டில் எந்த ரெஜிஸ்டர் அடித்தது என்று பாருங்கள், பார்த்ததும் நீங்களே அதை 0 ஆக்குங்கள், ப்ரொசெசர் தானாக அழிக்காது, அழிக்காவிட்டால் அடுத்த சாதாரண சிங்கிள்-ஸ்டெப்பையும் வாட்ச் அடித்தது என்று நினைத்துக்கொள்வீர்கள்.

'வாசிப்பதை மட்டும் கவனி' என்று எக்ஸ்86இல் கிடையாது. எழுத்து, அல்லது எழுத்தும் வாசிப்பும். மேற்பார்வையாளர் கேட்டால் சொல்ல உதவும்.

விண்டோஸில் செய்தாலும் கதை இதேதான், செட்-திரெட்-கொன்டெக்ஸ்ட் திரெட்டுக்குத் திரெட் அழைக்க வேண்டும், புதுத் திரெட் பிறந்த டிபக் நிகழ்வு வரும்போது அதற்கும் எழுத வேண்டும்.

சம்மாந்துறை நெல்மணி:

வாவிக்கரை அண்ணன், நீங்கள் சொன்னது அச்சொட்டாகச் சரி. மில்லில் வேலை இல்லாத நேரம் பார்த்து, பழைய கட்டைகளை ஏற்றி இறக்கி ஓட்டினேன். நின்றதும் எல்லாத் திரெட்டின் பின்தடமும் எடுத்தேன். திரெட் 3 அதே பழைய இடத்தில். திரெட் 5:

திரெட் 5
#0 தளத்தை_வெறுமையாக்கு, வரவு.சிபிபி வரி 212
#1 டைமர்_சுற்று, டைமர்.சிபிபி வரி 58

வரி 211 'வரவு->மொத்த_எடை = 0;'. 212இல் நிற்கிறது. டிஸ்அசெம்பிள் போட்டுப் பார்த்தேன், அம்புக்குறி அந்த எழுதும் கட்டளைக்கு நேர் அடுத்ததில்.

டைமர் 'தளத்தில் லொறி இருக்கிறதா' என்ற கொடியை வாசித்து, இல்லை என்றால் எல்லாவற்றையும் 0 ஆக்குகிறது. புதிய லொறி அந்த இடைவெளியில் ஏறிவிடுகிறது, கொடியை வாசித்தபோது தளம் வெறுமை, 0 எழுதும்போது 14280 வந்துவிட்டது. அறுவடை நேரத்தில் மட்டும் ஏன் என்பதும் இப்போது விளங்குகிறது, மற்ற நாட்களில் ஒரு லொறி இறங்கி அடுத்தது ஏற ஆறுதலான நேரம் இருக்கும்.

இரண்டு கேள்வி மட்டும். 'வாட்ச் ... திரெட் 5' என்று போட்டிருந்தால் நேரடியாகப் பிடித்திருக்கலாமா? அடுத்தது, இதற்கு மொத்த_எடையை அட்டொமிக் ஆக்கினால் போதுமா?

கல்லடி வாவிக்கரை:

திரெட் 5 என்று போட்டாலும் அந்தத் தேர்வு நடப்பது ஜிடிபிக்குள்ளேதான், ஹார்ட்வெயரில் அல்ல. மற்றத் திரெட் எழுதும்போதும் ட்ராப் ஆகி, ஜிடிபி பார்த்து, 'இது 5 இல்லை' என்று தொடர விடும். வேகத்தில் இலாபம் இல்லை, நிறுத்தும் இடைவெளியும் அப்படியே இருக்கும், அதனால் மதிப்புக் கலப்பும் நீங்காது. அந்த ஒப்ஷன் ஹார்ட்வெயர் வாட்ச்பொயின்டில்தான் வேலை செய்யும் என்பதையும் நினைவில் வையுங்கள். 'இஃப் மொத்த_எடை == 0' என்று நிபந்தனை போடுவதும் இதே வகை, ஒவ்வொரு எழுத்துக்கும் நின்று நின்றுதான் சோதிக்கும். உங்கள் சந்தர்ப்பத்தில் 'ஏவாட்ச் -எல்' கொஞ்சம் நல்லது. அது மதிப்பு மாறாவிட்டாலும் சொல்லும், ஆகவே வரிசையில் கிடந்த திரெட் 5இன் நிகழ்வும் தனியாக வெளியே வரும். வாசிப்புக்கும் நிற்கும் என்பது தொல்லை, திரை திரெட் ஓயாமல் வாசிப்பதால் 'கமாண்ட்ஸ்' போட்டு சைலண்ட், பிடி, கன்டினியூ என்று ஒரு ஃபைலுக்கு எழுத விட்டுவிட்டுப் பிறகு தேடுங்கள்.

அட்டொமிக் போதாது. அது ஒரு எழுத்தை முழுமையாக்கும், இரண்டு செயலை ஒன்றாகக் கட்டாது. கொடியை வாசிப்பதும் 0 எழுதுவதும் ஒரே பூட்டுக்குள் (மியூடெக்ஸ், ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் உள்ளே விடுவது) இருக்க வேண்டும், தராசு திரெட் கொடியையும் எடையையும் மாற்றுவதும் அதே பூட்டுக்குள் இருக்க வேண்டும், சீட்டு அச்சடிப்பவர் அதே பூட்டில் முழு வரவையும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு பூட்டை விட்டுவிட்டு அந்தப் பிரதியை அச்சடிக்க வேண்டும். அச்சு இயந்திரம் மெதுவானது, பூட்டைப் பிடித்துக்கொண்டே அச்சடித்தால் தராசு வாசிப்பு தேங்கும்.

பேக்(1) ஸ்ட்ரக்டையும் திரெட்களுக்கு நடுவில் பகிர்வதை நிறுத்துங்கள். தராசின் பாக்கெட்டை வாசிக்கும் இடத்தில் மட்டும் அது இருக்கட்டும், வாசித்ததும் சாதாரண ஸ்ட்ரக்டுக்கு மாற்றிவிடுங்கள். ஒழுங்கில்லாத டபுள் இரண்டு கேஷ் லைனின் (ப்ரொசெசர் மெமரியை எடுக்கும் துண்டு) எல்லையில் விழுந்தால் பாதி பழையது பாதி புதியது என்று இன்னொரு திரெட் வாசிக்கவும் இடமுண்டு, 64 பைட்டுக்கு ஒரு எல்லை வரும். வாட்ச்பொயின்டுக்கும் ஒரே ரெஜிஸ்டர் போதுமாகிவிடும், மற்ற மூன்றும் மிச்சம்.

அக்கரைப்பற்று அலை:

டிபக்கர் தேவைப்படாத வழியையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மில் ஓடும்போது ஜிடிபியை இணைத்து நிறுத்தினால் வாசலில் லொறி வரிசை நிற்கும், அதோடு நிறுத்தி நிறுத்தி ஓட்டும்போது நேரக் கணக்கே மாறி, பிடிக்க வேண்டிய ரேஸே (திரெட்கள் ஒன்றையொன்று முந்துவதால் வரும் பிழை) காணாமல் போய்விடும்.

லினக்ஸின் பெர்ஃப் என்ற அளவீட்டுக் கருவி அதே டிபக் ரெஜிஸ்டரைப் பயன்படுத்தும், ஆனால் யாரையும் நிறுத்தாது. 'பெர்ஃப் ரெகோர்ட்' கமாண்டுக்கு நிகழ்வாக 'மெம்:', அடுத்து முகவரி, சாய்கோடு, நீளம், ':டபிள்யூ' என்று கொடுத்து, '-சி 1' போட்டு ஒவ்வொரு எழுத்தையும் பதியச் சொல்லுங்கள், '-ஜி' போட்டால் பின்தடமும் வரும். எழுதிய திரெட், நேரம், இடம் மூன்றும் வரிசையாக ஃபைலில் இருக்கும். மதிப்பு என்ன என்று சொல்லாது, ஆனால் யாருக்குப் பின் யார் என்பதுதானே உங்களுக்கு வேண்டும். முகவரி நீளத்துக்கு ஒழுங்காக இல்லாவிட்டால் கெர்னல் ஏற்காது, ஆகவே பேக்(1)ஐ நீக்கும் வரை டபுளின் ஒரேயொரு பைட்டைக் கொடுங்கள். 8 பைட் எழுத்து எதுவும் அந்த ஒரு பைட்டைத் தொடாமல் போகாது.

அந்த ஒரு பைட் வித்தையை ஜிடிபியின் 'வாட்ச்' கமாண்டில் செய்ய வேண்டாம்! ஜிடிபி அந்த பைட்டின் மதிப்பு மாறியதா என்று பார்க்கும். 9640, 14280, 0 மூன்றையும் டபுளாக எழுதினால் மெமரியில் முதல் 5 பைட்டும் மூன்றுக்கும் 0தான். கடைசி பைட் 9640க்கும் 14280க்கும் ஒன்றே, பதினாறடிமானத்தில் 40. எதைத் தெரிந்தெடுத்தீர்கள் என்பதைப் பொறுத்து எல்லா மாற்றமும், அல்லது பாதி மாற்றம் காணாமல் போகும்.

திரெட்சானிடைசர் என்ற ரேஸ் தேடும் கருவியையும் ஒரு தடவை ஓட்டுங்கள், 'ஃப்சானிடைஸ்=திரெட்' போட்டு மீண்டும் கம்பைல் செய்தால் போதும். வேகம் 5 முதல் 15 மடங்கு குறையும் என்று அதன் ஆவணம் சொல்கிறது, 9600 போட் வேகத்தில் செக்கனுக்கு 960 கேரக்டர் வரும் தராசுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அன்றைக்கு 0 விழாவிட்டாலும் பூட்டில்லாமல் இரண்டு திரெட் தொட்டதை அது சொல்லிவிடும். ஆனால் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகப் பூட்டி, வரிசையைப் பிழையாக விட்டால் அது வாய் திறக்காது, உங்கள் டைமர் பிழையை அட்டொமிக் போட்டு மூடியிருந்தால் திரெட்சானிடைசரும் ஏமாந்திருக்கும்.

ஒலுவில் கடற்காற்று:

ட்ரேஸ்-குளோன் போட்டதும் எல்லாத் திரெட்டிலும் நிற்கிறது, நன்றி அண்ணா. பிள்ளையின் நிறுத்தம் முதலில் வருவதையும் நேரில் கண்டேன், அடிக்கடி வருகிறது.

எங்கள் விரிவுரையில் ஆர்ஆர் என்று ஒரு பதிவு டிபக்கரைப் பற்றிச் சொன்னார்கள். இந்த இடைவெளிப் பிரச்சினை அதில் வராது என்பது உண்மையா?

கல்லடி வாவிக்கரை:

உண்மை. மொசில்லாவில் உருவானது ஆர்ஆர். அது எல்லாத் திரெட்டையும் ஒரே கோரில் மாறி மாறி ஓட்டிப் பதிவு செய்கிறது, ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். அதனால் ட்ராப்புக்கும் நிறுத்தத்துக்கும் இடையில் வேறு யாரும் எழுத வழியே இல்லை, பழைய மதிப்பு, புதிய மதிப்பு, திரெட் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும். பதிவை மீள ஓட்டும்போது ஒவ்வொரு தடவையும் அதே வரிசை. சீட்டில் 0 அச்சான இடத்தில் பிரேக்பொயின்ட் போட்டு நின்று, 'வாட்ச் -எல்' போட்டு, 'ரிவர்ஸ்-கன்டினியூ' கொடுங்கள். பின்னோக்கிப் போய் 0ஐ எழுதிய கட்டளையிலேயே நிற்கும். இதுபோன்ற பிழைக்கு இதை விட நல்ல கருவி எனக்குத் தெரியாது, நெல்மணித் தம்பியும் இதையே முதலில் எடுத்திருக்கலாம்.

ஒரே கோர் என்பதால் சில ரேஸ் பதிவுக்குள் வரவே வராது, 'கேயொஸ்' ஒப்ஷன் போட்டால் திரெட் மாறும் நேரத்தைத் தாறுமாறாக்கி வரவழைக்கப் பார்க்கும். ப்ரொசெசரின் பெர்ஃபோமன்ஸ் கவுன்டர் தேவை, ஆகவே வேர்ச்சுவல்பொக்ஸுக்குள் ஓடாது, நேரடியாக லினக்ஸில் ஓட்டுங்கள். பெர்ஃப்-இவென்ட்-பாரனாய்ட் அமைப்பை 1க்குக் குறைக்கச் சொல்லும். மீள ஓட்டும்போது தராசோ சீரியல் கேபிளோ வேண்டியதில்லை, பதிவை 'பேக்' செய்து ஒத்த வகை ப்ரொசெசர் உள்ள வீட்டுக் கணினிக்குக் கொண்டு வரலாம்.

சம்மாந்துறை நெல்மணி:

பூட்டை நீங்கள் சொன்னபடி மூன்று இடத்திலும் போட்டு, பேக்(1)ஐ வாசிக்கும் ஃபங்ஷனுக்குள் மட்டும் அடக்கிவிட்டேன். திரெட்சானிடைசர் இப்போது அமைதி. பெர்ஃப் பதிவை மில் ஓடும்போதே எடுத்துப் பார்த்தேன் அலைக் காக்கா, திரெட் 5 எழுதிய ஒவ்வொரு இடத்துக்கும் முன்னால் லொறி இறங்கிய பதிவு இருக்கிறது, தராசு எழுத்துக்குப் பின்னால் உடனே 0 வருவது எங்கும் இல்லை.

கடைசியாக ஒன்று. இந்தப் பெட்டிக்குப் பதில் ராஸ்பெரி பை 4 போடச் சொல்லி மில்காரர் கேட்கிறார். அதிலும் வாட்ச்பொயின்ட் இப்படித்தானா?

அக்கரைப்பற்று அலை:

ஏறக்குறைய இப்படித்தான். பை 4இன் கோரிலும் நான்கு வாட்ச்பொயின்ட், லினக்ஸில் அதுவும் திரெட்டுக்குத் திரெட், ஜிடிபி எல்லாவற்றிலும் எழுதி வைக்கும். ஒரு வேறுபாடு இருக்கிறது. ஆர்ம் 64இல் எழுதும் கட்டளை நடக்க முன்பே அடிக்கும். ஜிடிபி அந்தத் திரெட்டை ஒரு கட்டளை நகர்த்தி, பிறகு மதிப்பைப் பார்த்து உங்களிடம் சொல்லும், ஆகவே திரையில் உங்களுக்கு எக்ஸ்86 போலவே தெரியும். தங்கச்சி தன் டிபக்கரை ஆர்முக்குக் கொண்டு போனால் அந்த நகர்த்தலைத் தானே செய்ய வேண்டும், வாட்ச்பொயின்டைக் கழற்றிவிட்டு ஒரு அடி, பிறகு திரும்பப் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் அதே கட்டளையிலேயே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருக்கும். கழற்றுவது அந்த ஒரு திரெட்டில் மட்டும், மற்றவற்றில் கை வைக்க வேண்டாம்.